மேடைக்கு எதிரே இருப்பவர்கள்

கலிஃபோர்னியாவின் டாஹோ ஏரிப் பகுதியில் ஒரு தொடர்கல்வி மாநாடு. மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் சமூகப்பணிக் கல்வியாளர்களுமாகப் பதினொரு பேர் கூடியிருந்தார்கள். டாக்டர் மைரன் ஃபாக்ஸ் என்ற அறிஞர் அவர்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்டார். மனித நடத்தைக்குக் கணிதத்தைப் பொருத்திப் பார்ப்பதில் வல்லவர் என்று சொன்னார்கள். நீண்ட தகுதிப் பட்டியலும் வாசிக்கப்பட்டது. மருத்துவக் கல்வியில் ஆட்டக் கோட்பாட்டின் பயன்பாடு பற்றி அவர் ஒரு மணி நேரம் பேசினார். அடுத்த அரை மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். கேட்டவர்கள் நிறைவாக எழுந்தார்கள். கருத்துப் படிவத்தில் நல்ல மதிப்பெண் போட்டார்கள்.

பேசியவர் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகர். அந்தத் துறையில் அவருக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. ஒன்றுக்கொன்று முரணான வாக்கியங்கள், இல்லாத கலைச்சொற்கள், இடையிடையே நகைச்சுவை, சம்பந்தமில்லாத மேற்கோள்கள் ஆகியவற்றைக் கொண்டு பொருளே இல்லாத உரையைக் கம்பீரமாக நிகழ்த்த அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதன் ஒளிப்பதிவு மேலும் இரண்டு குழுக்களுக்குக் காட்டப்பட்டது. ஆக மொத்தம் 55 பேர். ஒருவரும் சந்தேகப்படவில்லை. டாக்டர் ஃபாக்ஸின் எழுத்துகளை ஏற்கெனவே படித்திருப்பதாக ஒருவர் பதிவுசெய்திருந்தார். டொனால்ட் நாஃப்டுலின், ஜான் வேர், ஃபிராங்க் டானெல்லி ஆகியோர் 1973இல் வெளியிட்ட இந்த ஆய்வு, கல்வி ஆராய்ச்சியில் இன்றும் விவாதிக்கப்படுகிறது. கேட்டவர்கள் கணித வல்லுநர்கள் அல்லர், படிவத்தில் இருந்த கேள்விகளும் மிகச் சில என்ற விமர்சனங்கள் நியாயமானவை. ஆனால் தொழில் மாநாடுகளில் உட்கார்ந்திருப்பவர்களின் நிலையும் பெரும்பாலும் இதுதான். தம் உட்பிரிவைத் தாண்டிய பொருளை நம்பிக்கையோடு கேட்கிறார்கள்; வெளியேறும்போது நாலைந்து கேள்விகளுக்கு டிக் போடுகிறார்கள். அந்த டிக்குகளைக் கூட்டித்தான் மாநாடு வெற்றி என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம்.

மாநாட்டுக் குழு முதல் கூட்டத்தில் என்ன பேசுகிறது என்று பாருங்கள். எந்த ஓட்டல், எந்தத் தேதி, தொடக்க விழாவுக்கு யார், முதன்மை உரைக்கு யார், எத்தனை ஸ்டால் விற்கலாம். எல்லாம் மேடையைச் சுற்றிய திட்டம். பணம் கட்டி, விடுப்பு எடுத்து, இரவு பஸ் பிடித்து வருகிறவர் அந்த இரண்டு நாளில் என்ன செய்யப்போகிறார் என்பது நிரலில் எங்கும் இல்லை. அவர் கேட்பார் என்று எடுத்துக்கொள்கிறோம். கேட்டால் கற்பார், கற்றால் திங்கள்கிழமை முதல் வேலை மாறும் என்றும் எடுத்துக்கொள்கிறோம். இந்த மூன்று ஊகங்களில் கடைசி இரண்டும் எவ்வளவு பலவீனமானவை என்பதற்குச் சான்று குவிந்து கிடக்கிறது.

அதிகமாக ஆராயப்பட்டவை மருத்துவர்களுக்கான கூட்டங்கள்தான். அங்கே பலனை அளக்க வழி உண்டு: கூட்டத்துக்குப் பிறகு மருந்துச் சீட்டு மாறியதா, பரிசோதனை கூடியதா என்று எண்ணிவிடலாம். மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்புக்காக ஃபோர்செட்லுண்டும் குழுவினரும் 2009இல் 81 சோதனைகளைத் தொகுத்தார்கள். கூட்டத்தில் கலந்துகொண்டவர்களிடம், விரும்பிய நடைமுறையைப் பின்பற்றுவது சுமார் 6 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. 2021இல் ஆய்வுகள் 215ஆகவும் அவற்றில் இடம்பெற்ற மருத்துவப் பணியாளர்கள் 28,000க்கு மேலாகவும் பெருகியபோதும் விடை பெரிதாக மாறவில்லை; ஏறத்தாழ 7 புள்ளிதான். இதை அலட்சியப்படுத்த முடியாது. லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு அது உண்மையான நன்மை. ஆனால் செலவழித்த காசுக்கும் நேரத்துக்கும் ஈடான எண் என்று எந்த மாநாட்டுச் செயலாளரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல மாட்டார்.

2009 தொகுப்பில் இன்னொரு கணக்கு இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை மாநாட்டுக் குழுக்கள் சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய கணக்கு அது. வெறும் உரை மட்டும் இருந்த கூட்டங்களில் முன்னேற்றம் சுமார் 7 புள்ளி. வெறும் கலந்துரையாடல் மட்டும் இருந்தவற்றில் 3. இரண்டையும் கலந்து அமைத்தவற்றில் 13க்கு மேல். உரையே வேண்டாம், எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம் என்று புதுமை விரும்பிகள் சொல்வதும் தவறு. காலை முதல் மாலை வரை உரைகளை அடுக்குவதும் தவறு. தெரிந்தவர் தெளிவாகச் சொல்ல வேண்டும், கேட்டவர் உடனே அதை எடுத்துக் கையாள வேண்டும். அதே தொகுப்பு இன்னும் இரண்டு விஷயங்களைக் காட்டியது. வருகை கூடக் கூடப் பலனும் கூடியது. மாற்ற வேண்டிய நடத்தை சிக்கலாக இருந்தபோது பலன் குறைந்தது.

இதை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம். நீரிழிவு நோயாளியின் பாதத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும் என்பது எம்.பி.பி.எஸ். படித்த எல்லாருக்கும் தெரியும். மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையைப் பாதத்தின் குறிப்பிட்ட இடங்களில் வளையும் வரை அழுத்த வேண்டும். அது 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது. நோயாளி கண்ணை மூடிக்கொண்டு தொடு உணர்வு தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். சில நிமிட வேலை. ஆனாலும் நெரிசலான வெளிநோயாளிப் பிரிவில் செருப்பைக் கழற்றச் சொல்ல நேரம் இருப்பதில்லை. இழை மேசை டிராயரில் இருக்காது. குனிந்து பார்க்க வசதியான இருக்கையும் இருக்காது. இந்தப் பொருள் பற்றி மாவட்டத் தலைநகரில் நடக்கும் மாநாட்டில் வழக்கமாக என்ன நடக்கும்? பாதப் புண்ணின் நோய்க்கூறியல் பற்றி எண்பது ஸ்லைடு கொண்ட நாற்பது நிமிட உரை. கேட்பவருக்குத் தெரியாத செய்தி அதில் குறைவு. அவருக்குத் தடையாக இருப்பது அறிவுக் குறைவே இல்லை.

அதே நேரத்தை வேறு மாதிரி அமைக்கலாம். முதல் ஐந்து நிமிடம் ஒரு நோயாளியின் கதையும் ஒரு கேள்வியும். ஒவ்வொருவரும் தம் விடையை எழுதி வைக்கட்டும். அடுத்துப் பதினைந்து நிமிடம், வல்லுநரின் சுருக்கமான உரை. பிறகு மேசைக்கு இரண்டு இழைகளைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரின் பாதத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். கூச்சம் இருக்கும், இரண்டு நிமிடத்தில் போய்விடும். பிறகு பத்து நிமிடம் ஒரே கேள்வி: நம் புறநோயாளிப் பிரிவில் செருப்பைக் கழற்றச் சொல்வது யார் வேலை? டாக்டர் அறைக்குள் வருவதற்கு முன்பே செவிலியர் செய்துவிடலாமே என்று யாராவது சொல்வார். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் செய்கிறோம் என்று இன்னொருவர் சொல்வார். அந்தத் தகவல் எந்தப் பாடநூலிலும் கிடையாது. அதே அறையில், மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்தது. முடிவில் ஒவ்வொருவரும் அடுத்த மாதம் மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயத்தை அட்டையில் எழுதி ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

விடையை முதலில் எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குழு ஒரு பத்தியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் முந்தினார்கள்: 83க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். நான்கு முறை படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் இருந்தது, நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு 61. மாநாட்டின் கருத்துப் படிவம் அந்த ஐந்தாவது நிமிடத்தில் நிரப்பப்படுகிறது. வேலை நடப்பது ஒரு வாரத்துக்குப் பிறகு.

கேட்பவரின் திருப்தி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஹார்வர்டில் லூயி டெலோரியரும் குழுவினரும் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியான சான்று. முதலாண்டு இயற்பியல் மாணவர்களில் ஒரு பாதியினர் நல்ல ஆசிரியரின் சீரான உரையைக் கேட்டார்கள். மறு பாதியினர் அதே பொருளைத் தாங்களே கணக்குப் போட்டுத் தடுமாறிக் கற்றார்கள். தேர்வில் தடுமாறியவர்கள் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள் என்று கேட்டபோது உரை கேட்டவர்களே அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். தடையில்லாத பேச்சைக் கேட்கும்போது நமக்கும் புரிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. சொந்தமாக முயலும்போதுதான் புரியாத இடம் தட்டுப்படுகிறது. ஆகவே நல்ல மாநாடு ஒன்று முதல் முறை நடக்கும்போது அதன் மதிப்பெண் குறையக்கூடும். ஒருங்கிணைப்பாளர்கள் அதற்கு அஞ்சிப் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடக் கூடாது. ஏன் இப்படி அமைத்தோம் என்பதைத் தொடக்கத்திலேயே பங்கேற்பாளர்களிடம் இரண்டு நிமிடம் விளக்கிச் சொல்லிவிட்டால் போதும். தொழில் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாநாடுகளில் முதலில் பலியாவது அதுதான். காலை ஒன்பதரைக்குத் தொடக்க விழா என்று அழைப்பிதழில் இருக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, மலர் வெளியீடு, பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப்படம். முதல் கட்டுரையாளர் மைக் முன்னால் நிற்கும்போது மணி பதினொன்றே கால். இழந்த நேரத்தை ஒவ்வோர் அமர்விலும் பத்துப் பத்து நிமிடமாக வெட்டுகிறார்கள். எந்தப் பேச்சாளரிடமும் பேச்சைக் குறைக்கச் சொல்ல முடிவதில்லை. வெட்டு விழுவது கேள்விகள் மேல். நேரம் கருதி, கேள்விகளைத் தேநீர் இடைவேளையில் நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று அமர்வுத் தலைவர் அறிவிக்கிறார். மாநாட்டுக்கு வந்த முந்நூறு பேரும் பேசக் கிடைத்த ஒரே வாய்ப்பு அத்தோடு முடிகிறது. விழாவுக்கு நான் எதிரி இல்லை. ஒரு சங்கம் தன் மூத்தவர்களை மதிப்பது அழகானது. அதை முதல் நாள் மாலைக்கு மாற்றினால் மரியாதையும் கூடும், கூட்டமும் கூடும்.

நேரம் கிடைத்தாலும் யார் கேட்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. அலெசியா கார்ட்டரும் குழுவினரும் பத்து நாடுகளில் 35 நிறுவனங்களில் நடந்த சுமார் 250 கல்விக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018இல் ஆய்வு வெளியிட்டார்கள். அரங்கில் பெண்களும் ஆண்களும் சம அளவில் இருந்தும், ஒரு கேள்வி ஆணிடமிருந்து வருவதற்கான வாய்ப்பு பெண்ணிடமிருந்து வருவதைப் போல இரண்டரை மடங்காக இருந்தது. முதல் கேள்வியை ஆண் கேட்டுவிட்டால் அதன் பிறகு பெண்கள் கேட்பது இன்னும் குறைந்தது. கேள்விகளின் எண்ணிக்கை கூடியபோது இந்த ஏற்றத்தாழ்வு தளர்ந்தது. நம் அரங்குகளில் இதோடு வயதும் பதவியும் சேர்ந்துகொள்கின்றன. முன்வரிசையில் துறைத் தலைவர் இருக்கும்போது, அவருடைய முதுநிலை மாணவி எழுந்து ஒரு சந்தேகம் கேட்பது எளிதல்ல. ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டுமோ என்ற தயக்கமும் உண்டு. உரை முடிந்ததும் உடனே மைக்கை நீட்டாமல், மூன்று நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லுங்கள். பிறகு, உங்கள் மேசையில் என்ன கேள்வி வந்தது என்று கேளுங்கள். தனிமனிதரின் அறியாமையாகத் தெரிவதற்குப் பதில் அது மேசையின் கேள்வியாகிவிடுகிறது. முதல் கேள்வியை இளையவர் ஒருவரிடமிருந்து வாங்குவதும், தமிழில் கேட்கலாம் என்று வாய்விட்டுச் சொல்வதும் அமர்வுத் தலைவரின் பொறுப்பு. அமர்வுத் தலைவர் பதவியைக் கௌரவத்துக்காகப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் இருக்கும் வரை இது நடக்காது.

இவற்றையெல்லாம் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் ஓர் அமைப்பு இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர் நீல் கார்டன் 1931இல் தொடங்கிய கோடைக் கூட்டங்கள் பின்னர் கார்டன் ஆய்வு மாநாடுகள் என்று அவர் பெயரையே பெற்றன. ஒரே பொருள், ஏறத்தாழ ஒரு வாரம், நூறு முதல் இருநூறு பேர், ஊருக்கு ஒதுங்கிய கல்லூரி வளாகம் போன்ற இடம். எல்லாரும் ஒரே கூரையின் கீழ் தங்குகிறார்கள், ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிடுகிறார்கள். உரைகள் காலையிலும் இரவிலும் மட்டும். பிற்பகல் பெரும்பாலும் காலி. அங்கே சொல்லப்படுவதைப் பதிவுசெய்யவோ படமெடுக்கவோ மேற்கோள் காட்டவோ கூடாது. கட்டுரைத் தொகுப்பும் வெளியிடப்படுவதில்லை. இந்தக் கடைசி விதியைக் கேட்டால் நம்மவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும், மலரும் ஐ.எஸ்.பி.என். எண்ணும் இல்லாமல் மாநாடா? ஆனால் அதனால்தான் இன்னும் முடியாத ஆய்வை, தோற்றுப்போன சோதனையை, ஊகத்தை அங்கே பேச முடிகிறது. பல கூட்டங்களில், பிரதான மாநாட்டுக்கு முந்தைய சனி ஞாயிறில் ஆய்வு மாணவர்களுக்கென்று தனிக் கருத்தரங்கும் உண்டு. இளையவர்கள் முதலில் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு பெரிய அரங்குக்குள் நுழைகிறார்கள்.

காலியான பிற்பகல் வீணான நேரம் என்று நினைப்பவர்களுக்கு 2012இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லலாம். அரசியல் அறிவியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு நியூ ஆர்லியன்ஸில் நடக்க வேண்டும். நிரல் அச்சாகிவிட்டது, ஐசக் புயல் வந்து கடைசி நேரத்தில் ரத்து. யார் யாரைச் சந்தித்திருக்கக்கூடும் என்பது நிரலில் இருந்தது. சந்திப்பு மட்டும் நடக்கவில்லை. பின்னாளில் பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதனைக் களமாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டபோது, மாநாடு நடக்காததால் பங்கேற்பாளர்கள் இணைந்து ஆய்வுக் கட்டுரை எழுதும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் கெவின் பூத்ரோவும் குழுவினரும் செய்த சோதனை இதைவிட எளிமையானது. ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்க விரும்பியவர்களைத் தகவல் கூட்டத்துக்கு அழைத்து, குலுக்கல் முறையில் வெவ்வேறு அறைகளில் வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஒரே அறையில் இருந்த இருவர் பின்னர் சேர்ந்து விண்ணப்பிக்கும் வாய்ப்பு 75 சதவீதம் கூடியது.

ஆனால் காலி நேரம் கொடுத்தால் மட்டும் போதாது. பால் இங்ரமும் மைக்கேல் மாரிஸும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேலாளர்களுக்கு ஒரு விருந்து வைத்து, சட்டையில் மின்னணுப் பெயர் அட்டை மாட்டிவிட்டு யார் யாரோடு நின்றார்கள் என்று பதிவுசெய்தார்கள். புதியவர்களைச் சந்திக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தவர்கள் தெரிந்தவர்களோடே நின்றார்கள். நம் மதியச் சாப்பாட்டு வரிசையும் அப்படித்தான்: மதுரைக்காரர்கள் மதுரைக்காரர்களோடு, ஒரே பேட்ச் ஒரே பேட்ச்சோடு. ஹார்வர்ட் சோதனையில் அறைகளை ஏற்பாட்டாளர்கள் பிரித்ததால்தான் புதிய இணைகள் உருவாயின. சாப்பாட்டு மேசையில் எண் போட்டுப் பதிவின்போதே சீட்டு கொடுப்பதும், புதிதாக வருபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்தவரைத் துணையாக நியமிப்பதும் காசு செலவில்லாத ஏற்பாடுகள். போஸ்டர் காட்சியையும் இந்த நோக்கத்தோடுதான் அமைக்க வேண்டும். நடைவழியின் கோடியில், தேநீர் இடைவேளையின் பதினைந்து நிமிடத்தில் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லாத ஒரு முழு மணி நேரம் அதற்கு வேண்டும்.

தமிழ் உலகுக்கே இப்படிப்பட்ட சந்திப்புகளால் கிடைத்த பயன்கள் உண்டு. 1964 ஜனவரியில் புது தில்லியில் 26ஆவது உலகக் கீழ்த்திசை அறிஞர் மாநாடு நடந்தது. அங்கே வந்திருந்த தமிழாய்வாளர்களைத் தனிநாயகம் அடிகளும் வ.அய். சுப்பிரமணியமும் ஒன்றுகூட்டினார்கள். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் நிறுவப்பட்டது. இரண்டே ஆண்டில், 1966இல், கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. பல நாடுகளில் தனித்தனியாகத் தமிழ் ஆராய்ந்தவர்களை வேறு காரணத்துக்காக ஒரே ஊரில் கூட்டியிருந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்ட செயல் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு வேறு வகை. ஆளுக்கொரு விசைப்பலகை, ஆளுக்கொரு எழுத்துரு என்று கணினித் தமிழ் சிதறிக் கிடந்த காலம். ஓரிடத்தில் எழுதியது இன்னோரிடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தச் சிக்கலைத் தீர்ப்பது என்ற தெளிவான வேலையோடு மென்பொருள் செய்பவர்களும் மொழியறிஞர்களும் அரசும் உட்கார்ந்தார்கள். தமிழ்99 விசைப்பலகை அதன் விளைவு. இன்று கைப்பேசியில் அந்த முறையில் தட்டச்சு செய்பவர்கள் அந்த மாநாட்டில் யார் முதன்மை உரை ஆற்றினார் என்று அறிய மாட்டார்கள். அறிய வேண்டிய அவசியமும் இல்லை.

இவற்றையெல்லாம் செய்யப் பணம் எங்கே என்ற கேள்வி வரும். வரிசையாக நாற்காலி போடும் அரங்கில் வட்ட மேசை போட்டால் ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் உட்கார வைக்க முடியும். அது உண்மையான செலவு. அதற்கு ஈடாக, வெளிநாட்டுப் பேச்சாளர்களில் இருவரைக் குறைக்கலாம். அவர்கள் உரையை மாநாட்டுக்கு முந்தைய வாரமே ஒளிப்பதிவாக அனுப்பிவிட்டு, நேரலையில் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லச் செய்யலாம். மூன்று இணை அமர்வுகளை ஒன்றாக்கலாம். நினைவுப் பரிசையும் பையையும் விட்டுவிடலாம்; வருபவர்கள் வீட்டில் அந்தப் பைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. திட்டமிடும் குழுவில் பட்டம் பெற்று ஐந்து ஆண்டு ஆகாத இருவரும், சிறு ஊர்களில் தனியாகத் தொழில் செய்யும் இருவரும் இருக்க வேண்டும். பதிவுப் படிவத்திலேயே, கடந்த ஆறு மாதத்தில் உங்களைத் தடுமாற வைத்த ஒரு பிரச்சினையை எழுதுங்கள் என்று ஒரு கட்டம் போடுங்கள். அந்த விடைகளைப் படித்த பிறகு பேச்சாளரைத் தேடுங்கள். தேடும்போது, வந்த கேள்விகளில் பத்தை அவருக்கு அனுப்பி, இவற்றுக்கு இருபது நிமிடத்தில் பதில் சொல்ல முடியுமா என்று கேளுங்கள்.

பெரிய தடை விதிமுறைகளில் இருக்கிறது. மருத்துவர்கள் ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை சொன்னது. நோக்கம் நல்லது. ஆனால் அது எண்ணுவது மணி நேரத்தை. காலையில் கையெழுத்துப் போட்டவரும் மாலை வரை மேசையில் வாதாடியவரும் அந்தக் கணக்கில் ஒன்றே. கையெழுத்துக்குப் பதிலாக, மாநாட்டில் எழுதிக் கொடுத்த அந்த அட்டையைப் பயன்படுத்தலாம். ஆறு வாரம் கழித்து, நீங்கள் எழுதிய மாற்றம் இது, செய்ய முடிந்ததா, முடியவில்லை என்றால் எது தடுத்தது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் போதும். பதில் அனுப்பியவருக்குச் சான்றிதழ். முடியவில்லை என்ற பதிலுக்கும் அதே சான்றிதழ் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். எது தடுத்தது என்ற அந்தப் பதில்களைத் தொகுத்து, பெயர்களை நீக்கி, எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டும். அடுத்த ஆண்டு மாநாட்டுக் குழுவின் முதல் கூட்டத்தில், எந்த ஓட்டல் என்று பேசத் தொடங்கும் முன், அதைத்தான் எடுத்து வாசிக்க வேண்டும்.